ஊரைக் கேட்டதும் ஒருவருடைய நாளையைத் தீர்மானித்துவிடலாமா?

கேள்வி: களஞ்சியப் பொறுப்பாளர், கொழும்பு

கொழும்பில் கப்பற் சரக்குகளைக் கையாளும் ஒரு தனியார் நிறுவனத்தில் களஞ்சியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். புதிய கணினி முறைமையொன்றைப் பயின்று வருவதற்காக எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை ஐந்து மாதங்களுக்குச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்த பின்னர் மூன்று ஆண்டுகள் இங்கேயே வேலை செய்வதாகப் பிணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. யாரை அனுப்பலாம் என்று பரிந்துரைப்பது என் வேலை. முடிவெடுப்பவர் பொது முகாமையாளர்.

என் மனத்தில் இருவர் இருந்தனர். ஒருவர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர், மற்றவர் குருநாகலைச் சேர்ந்தவர். வேலையில் இருவருக்கும் இடையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. சாவகச்சேரித் தம்பி சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பதில் வேகமானவர். குருநாகல்காரர் சாரதிகளோடும் சுங்கத்தாரோடும் பேசிக் காரியம் முடிப்பதில் கெட்டிக்காரர். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்காகப் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும் என்று இருவரும் ஒரே மாதத்தில் அரைநாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். குருநாகல்காரருடைய படிவத்தைப் பார்த்த முகாமையாளர், "பயிற்சிக்குத் தன் பெயர் வரலாம் என்று முன்கூட்டியே ஆயத்தமாகிறான், பொறுப்பான பிள்ளை" என்றார். சில நாள்கள் கழித்து மற்றப் படிவம் அவருடைய மேசைக்குப் போனது. "இவன் கிளம்பப் பார்க்கிறான். அக்கா கனடாவில்தானே? சிங்கப்பூருக்கு அனுப்பினால் அப்படியே போய்விடுவான்" என்றார். காரணம் எழுதும் கட்டத்தில் இருவரும் ஏறத்தாழ ஒரே சொற்களைத்தான் எழுதியிருந்தார்கள்.

முகாமையாளர் சிங்களவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். ஊழியர்களைக் குரோதத்தோடு நடத்துகிறவரும் அல்லர். "எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். ஊரிலிருந்து பலர் வெளிநாடு போனது உண்மைதான் என்பதால், அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஒரு கூட்டத்தைப் பற்றி நம்மிடம் உள்ள பொது எண்ணம், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்ற கணிப்புக்குள் எந்த வாசலால் நுழைகிறது? அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மையும் இருக்குமானால், அதைக் கணக்கில் எடுப்பது புத்திசாலித்தனமா, அநீதியா? முகாமையாளரிடம் "இது ஓரவஞ்சனை" என்று சொன்னால் பேச்சு அதோடு முறிந்துவிடும். "நான் ஊரைப் பார்க்கவில்லை, நடத்தையைத்தான் பார்க்கிறேன்" என்பார். அவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பதில் எனக்கு வேண்டும்.

பதில் 1: விரிவுரையாளர், வெள்ளவத்தை

உங்கள் முகாமையாளர் "நடத்தையைத்தான் பார்க்கிறேன்" என்று சொன்னால், அவர் பொய் சொல்வதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் உண்மையாகவே அப்படித்தான் உணர்கிறார், சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒருவருடைய ஊர், சாதி, சமயம், ஆணா பெண்ணா என்பவற்றுக்கு மேல் எதுவும் தெரியாத நிலையில், படித்த மனிதர்கள் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எப்படியும் பொருள் கொள்ளக்கூடிய ஒரு சிறு சான்று கையில் கிடைத்தவுடன் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஆனால் அந்தச் சான்றுக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் பார்க்கவில்லை என்று சொன்ன அதே ஊர்தான்.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனையொன்றை 1983ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களான டார்லி, குரோஸ் இருவரும் வெளியிட்டார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஹன்னா என்ற நான்காம் வகுப்புச் சிறுமியின் காணொளி காட்டப்பட்டது. சிலர் அவளை வசதியான குடியிருப்பிலும், வேறு சிலர் வறிய குடியிருப்பிலும் கண்டார்கள். அதோடு நிறுத்தி அவளுடைய திறமை எந்த வகுப்பு மட்டத்தில் இருக்கும் என்று கேட்டபோது, இரு சாராரும் பெரும்பாலும் அவள் படிக்கும் வகுப்பின் மட்டத்தையே சொன்னார்கள். இன்னும் சிலருக்கு, குடியிருப்பைக் காட்டிய பிறகு, ஹன்னா கேள்விகளுக்கு விடை சொல்லும் காட்சியும் காட்டப்பட்டது. அவள் கடினமான கேள்விகள் சிலவற்றுக்குச் சரியாகவும் இலகுவான கேள்விகள் சிலவற்றுக்குப் பிழையாகவும் விடை சொன்னாள். எல்லோரும் பார்த்த காட்சி ஒன்றே. ஆனால் அதைப் பார்த்தவர்கள்தான் இரண்டாகப் பிரிந்து போனார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை என்று அறிந்திருந்தவர்கள் அவளை வகுப்பு மட்டத்துக்கு மேலே வைத்தார்கள், வறிய வீட்டுப் பிள்ளை என்று அறிந்திருந்தவர்கள் கீழே வைத்தார்கள். தாங்கள் குடியிருப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, அவளுடைய விடைகளை வைத்தே சொன்னோம் என்று நினைக்க இரு சாராருக்கும் இடமிருந்தது. உங்கள் அலுவலகத்தில் ஹன்னாவின் விடைகளுடைய இடத்தில் இருப்பது கடவுச்சீட்டுக்கான லீவுப் படிவம்.

எதிர்காலம் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமானது, போடன்ஹவுசனும் வையரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் செய்த குற்றம் அல்லது வேலைத்தலத் தவறு பற்றிய கோப்பை வாசித்துவிட்டு, அவர் அதையே மீண்டும் செய்வாரா, என்ன தண்டனை பொருந்தும் என்று பங்கேற்றவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய இனத்தின் மீது சமூகம் குத்தி வைத்திருக்கும் முத்திரைக்கு அந்தத் தவறு பொருந்தியபோது, அது அவருடைய இயல்பு என்றும் மீண்டும் நடக்கும் என்றும் அவர்கள் முடிவு கட்டினார்கள், தண்டனையும் கடுமையாயிற்று. அவருடைய வாழ்க்கைச் சூழ்நிலை பற்றிக் கோப்பில் இருந்த செய்திகள் அவர்களுடைய தீர்ப்பில் அதிகம் ஏறவில்லை. தவறு முத்திரைக்குப் பொருந்தாதபோது மட்டும், "ஏன் இப்படி நடந்தது?" என்று அந்தச் செய்திகளின் பக்கம் திரும்பினார்கள்.

நீங்கள் கேட்ட வாசல் இதுதான் என்று நினைக்கிறேன். முத்திரை ஒருவரைப் பற்றிய புதிய தகவல் எதையும் கொண்டுவருவதில்லை. நம் கண்முன் நடந்த ஒரு செயல், நடந்து முடிந்த ஒன்றா அல்லது இனி வரப்போவதன் அறிகுறியா என்று தரம் பிரிக்கும் வேலையைத்தான் அது செய்கிறது. பணப்பெட்டியில் ஆயிரம் ரூபாய் குறைந்தால், கொழும்பின் வறிய பகுதியான வாழைத்தோட்டத்து முகவரி உள்ள பையனுக்குக் கைநீளம் என்கிறோம். வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்து முகவரி உள்ளவன் என்றால் கணக்கில் எங்கோ பிழைத்துவிட்டது என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் "இனி அடிக்கடி இப்படித்தான்" என்று பேசப்படுகிறது. அதே காரணத்தைத் தகப்பன் சொன்னால் அன்றோடு மறந்துவிடுகிறோம், சில அலுவலகங்களில் பாராட்டும் கிடைக்கிறது. கைநீளம் நாளைக்கும் தொடரும், கணக்குப் பிழை இன்றோடு முடிந்துவிடும். பதவி உயர்வும் பயிற்சியும் கடனும் வாடகை வீடும் இந்த இரண்டில் எது எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன.

ஆகவே முகாமையாளரிடம் ஓரவஞ்சனை பற்றிப் பேச வேண்டாம். இரண்டு படிவங்களையும் பெயரை மறைத்து அருகருகே வைத்து, இவற்றில் எது போய்விடப் போகிறவருடையது என்று கேளுங்கள்.

பதில் 2: இரண்டாம் குறுக்குத் தெரு வியாபாரி

விரிவுரையாளர் ஐயா சொன்னவற்றை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் சம்பளம் கொடுக்கும் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்கிறேன். என் தகப்பனார் காலத்துக் கடை. மலையகத் தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகள் நல்ல உழைப்பாளிகள், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தீபாவளிக்குப் போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை. தொலைபேசியும் எடுக்க மாட்டார்கள். கார்த்திகை முழுவதும் மூட்டை தூக்க ஆளில்லாமல் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அவர்களைக் காசுப் பெட்டியில் இருத்துவதில்லை, பில் போடவும் பழக்குவதில்லை. பழக்குவதற்குச் சில மாதங்கள் ஆகும்; பழகி முடிகிற நேரத்தில் ஐப்பசி பிறந்துவிடும். பிறகு நட்டம் யாருக்கு? மழைக்காலத்தில் குடையோடு புறப்படுகிறவனை மழையின் மீது பகை கொண்டவன் என்று யாரும் சொல்வதில்லை. பட்டறிவு என்பது இதுதானே? ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆராய்ந்து பார்க்க நிறுவனங்களுக்கு ஆள்கள் இருப்பார்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து, பத்து மணிக்குள் குருநாகலுக்கும் அநுராதபுரத்துக்கும் லொறி ஏற்ற வேண்டிய எனக்கு ஒரு முகத்தைப் பார்த்ததும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் முகாமையாளர் மீதும் பிழை சொல்ல மாட்டேன். ஐந்து மாதச் செலவை அவர்தான் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

பதில் 3: தலவாக்கலைப் பெண், கொட்டாஞ்சேனை

வியாபாரி ஐயாவுக்கு எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் தம்பி உயர்தரம் எழுதிய பிறகு கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரவில் கடையின் மேல்மாடியில், துணிக் கட்டுகளுக்கு இடையில் பாயை விரித்துப் படுப்பான். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரனாக இருந்தும், அவனுக்கு ஒரு நாளாவது பில் புத்தகத்தைத் தொடக் கொடுக்கவில்லை. சித்திரை மாதத்திலேயே, "நீ தீபாவளியோடு போய்விடுவாய்தானே?" என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கேட்பாராம். கேலியாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் ஏழு மாதங்களாக அதே கேலியைக் கேட்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, இந்தக் கடையில் தனக்கு நாளை என்று ஒன்று இல்லை என்பது நன்றாகவே விளங்கிவிடும்.

தீபாவளிக்கு வந்தான். திரும்பவும் கொழும்புக்குத்தான் போனான், ஆனால் வேறு கடைக்கு. அங்கே வரவு செலவு எழுதப் பழக்கினார்கள். இன்று அந்தக் கடையின் காசுப் பெட்டி அவன் பொறுப்பில் இருக்கிறது. பழைய முதலாளி மட்டும், "தோட்டத்துப் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை, அவருடைய கடைக்கு அவர்கள் திரும்பி வருவதில்லைதான். ஐயா, உங்கள் கடையிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் இப்போது மலையகத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் நான்கு தெரு தள்ளி வேலை செய்கிறார்கள் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா? தொலைபேசியை எடுக்காததற்கும் காரணம் இருக்கலாம். விலகுகிறேன் என்று சொன்னால் நிலுவைச் சம்பளம் கிடைக்காது என்ற பயம் எங்கள் பிள்ளைகள் பலருக்கு உண்டு.

களஞ்சியப் பொறுப்பாளர் அண்ணாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிரிவில் பெண்கள் ஒருவரும் இல்லையா? நான் கணக்காளர் உதவியாளராக நேர்முகத் தேர்வுகளுக்குப் போன காலத்தில், என் சான்றிதழைப் பிரிப்பதற்கு முன்னரே திருமணம் எப்போது என்று கேட்டார்கள். நிச்சயமாகிவிட்டது என்று சொன்னால் விலகிவிடுவாள் என்று கொள்கிறார்கள், இல்லை என்று சொன்னால் கெதியில் ஆகும், அப்போது விலகிவிடுவாள் என்று கொள்கிறார்கள். இரண்டு விடைக்கும் ஒரே முடிவு வருமானால் அந்தக் கேள்வியைக் கேட்பானேன்?

பதில் 4: விரிவுரையாளர், வெள்ளவத்தை

சகோதரி தம் தம்பியைப் பற்றி எழுதியதற்கு இணையான ஒன்றைப் பிரான்சில் மூன்று பொருளியலாளர்கள் கடைக் கணக்கிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2017இல் வெளியானது. பேரங்காடிச் சங்கிலியொன்றில் புதிதாகச் சேர்ந்த காசாளர்களில் வட ஆபிரிக்காவையும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். எந்த நாளில் எந்த மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை என்பதைக் காசாளர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மேற்பார்வையாளர்களுடைய உள்மனச் சாய்வு தனியாக அளக்கப்பட்டது. சாய்வு கூடிய மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை செய்த நாள்களில், இந்தச் சிறுபான்மைக் காசாளர்கள் அதிகமாக லீவு போட்டார்கள், பொருள்களைப் பில் போடுவதில் மெதுவானார்கள், மேலதிக நேரம் நின்று வேலை செய்வதும் குறைந்தது. அதே மனிதர்கள் சாய்வில்லாத மேற்பார்வையாளருக்குக் கீழே நன்றாக வேலை செய்தார்கள். அந்த மேற்பார்வையாளர்கள் அவர்களைத் திட்டியதாகவோ கடிந்ததாகவோ தெரியவில்லை. அவர்களிடம் போவதும் பேசுவதும் வேலை கேட்பதும் குறைவாக இருந்தன, அவ்வளவுதான். ஆண்டுக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டுகிற ஒருவருக்கு, "இந்த ஆள்கள் இப்படித்தான்" என்று காட்ட அதில் எண்கள் இருக்கும்.

ஆகவே, வியாபாரி ஐயா, உங்கள் குடை உவமை இங்கே பொருந்தாது. நீங்கள் குடை எடுத்ததால் மழை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மனிதரோ நாம் நடத்துகிற விதத்துக்கு ஏற்ப மாறுகிறார்.

பட்டறிவு பற்றியும் ஒரு சொல். 1976இல் ஹமில்டனும் கிஃபர்டும் செய்த சோதனையில் இரண்டு கற்பனைக் குழுக்கள் இருந்தன. பெரிய குழுவைப் பற்றி 18 நல்ல செயல்களும் 8 கெட்ட செயல்களும், சிறிய குழுவைப் பற்றி 9 நல்ல செயல்களும் 4 கெட்ட செயல்களும் வாசிக்கக் கொடுக்கப்பட்டன. இரண்டிலும் விகிதம் ஒன்றேதான். அப்படியிருந்தும், வாசித்தவர்களின் நினைவில் சிறிய குழுவின் கெட்ட செயல்கள் இருந்ததைவிட அதிகமாகத் தெரிந்தன. அரிதான கூட்டமும் அரிதான செயலும் ஒன்றாக வந்தால் மனம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கடையிலிருந்து தைப்பொங்கலுக்குப் போனவர்கள், வெசாக்குக்குப் போனவர்கள், காரணம் சொல்லாமல் இடையில் நின்றவர்கள் எல்லோரும் சம்பளப் புத்தகத்தில் இருப்பார்கள். நினைவை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் தீபாவளிக் கணக்கு அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றாலும் நிற்கலாம், அப்போது நீங்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன்.

எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் நடத்திக் காட்டிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆசிரியரின் எதிர்பார்ப்பால் மாணவரின் அறிவே உயரும் என்று ரொசென்தாலும் ஜேகப்சனும் 1968இல் அறிவித்தது உலகம் முழுவதும் பேசப்பட்டது; பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்த விளைவு பெரும்பாலும் சிறிதாகவே இருந்தது, ஆசிரியர்களின் எதிர்பார்ப்புகள் பலவும் மாணவரின் முந்தைய பெறுபேறுகளை ஒட்டியே அமைந்திருந்தன. முத்திரையில் உண்மை இருந்தால் அதைப் பயன்படுத்துவது தவறா என்று பொறுப்பாளர் கேட்டதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஒருவரைப் பற்றி எதுவுமே தெரியாதபோது கூட்டத்தின் கணக்கு ஓரளவு வழிகாட்டும். ஆனால் பல ஆண்டுகளாக உங்களோடு வேலை செய்கிற ஒருவருக்கு எந்தக் கூட்டத்தின் கணக்கைப் பார்ப்பது? சாவகச்சேரியில் பிறந்தவர்களுடையதையா, அல்லது உங்கள் நிறுவனத்தில் நிலைத்து நின்று பிணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுடையதையா? இரண்டாவது கணக்கு உங்கள் அலுவலக அலுமாரியிலேயே இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். பத்தரமுல்லை வரிசையில் எல்லா மாவட்டத்தாரும் நின்றார்கள். வெளிநாடு போவதை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குணமாகப் பேசுவதற்கு இனி நியாயம் குறைவு.

பரிந்துரை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலியின் பெராரா நகரில் குதிரைப் பந்தயத்தில் மோதும் பேட்டைகளை வைத்து 1989இல் வெளியான ஓர் ஆய்வில், மக்கள் எதிர்ப் பேட்டையாரின் கெட்ட செயலைக் குணமாகவும், தம் பேட்டையாரின் கெட்ட செயலை அன்று நடந்த ஒரு செயலாகவும் சொல்லும் போக்கு வெளிப்பட்டது. மதிப்பீட்டுப் படிவங்களிலும் இது தாராளமாக நடக்கிறது. "கவனக்குறைவானவர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்த மாதத்தில் எந்தப் பட்டியலில் என்ன தவறியது என்று எழுதுங்கள். இதை எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செய்யுங்கள்.

பதில் 5: சட்டத்தரணி, புதுக்கடை

பொறுப்பாளர் சட்டப் பக்கத்தைக் கேட்கவில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக ஓரங்காட்டுதல் ஆகாது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை மனுவை ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே தாக்கல் செய்யலாம். தனியார் நிறுவனமொன்று யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்பதில் அந்த வழி பெரும்பாலும் உதவாது.

ஊரை வைத்து ஒருவருடைய நாளையைக் கணிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொழும்பு கண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, கொழும்பின் தங்கு விடுதிகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மருத்துவத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களில் எவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்யக்கூடும் என்பதே காரணமாயிற்று. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முகாமையாளர் யாழ்ப்பாணத்தவர் என்கிறீர்கள். அந்த நாள்களில் அவரும் கொழும்பில் இருந்திருப்பாரானால், இதை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவரின் பின்னூட்டம்

எல்லோருக்கும் நன்றி. பெயர் மறைத்துப் படிவங்களைக் காட்டும் யோசனையைச் செய்யவில்லை. மேலதிகாரியைச் சோதிப்பது போல் ஆகிவிடும், எங்கள் அலுவலகத்தில் அது எடுபடாது. அதற்குப் பதிலாக, பயிற்சி பற்றிய அறிவித்தலைப் பிரிவு முழுவதற்கும் அனுப்பினேன். சகோதரி கேட்ட கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது: பிரிவில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். மூவரிடமும் ஒரே கேள்விகளை எழுத்தில் கேட்டேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் நாட்டை விட்டோ நிறுவனத்தை விட்டோ போகும் எண்ணம் உண்டா, அதற்காக ஏதாவது முயற்சி எடுத்திருக்கிறீர்களா என்பதும் அவற்றில் ஒன்று. திருமணம் பற்றி எதையும் கேட்கவில்லை.

குருநாகல்காரர் சென்ற ஆண்டு கொரிய மொழிப் பரீட்சைக்குத் தோற்றியிருக்கிறார், வேலை வாய்ப்புக்காகத்தான். இந்தப் பயிற்சி கிடைத்தால் அந்த எண்ணத்தைக் கைவிடுவதாக எழுதியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். சாவகச்சேரித் தம்பி, அக்கா கூப்பிடுவது உண்மை, ஆனால் அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டதால் இப்போதைக்குப் போக முடியாது, மூன்று ஆண்டுக்குக் கையொப்பமிட ஆயத்தம் என்று எழுதியிருக்கிறார். பெண் ஊழியர் ஒற்றை வரியில் "இல்லை" என்று முடித்துவிட்டார். விரிவுரையாளர் சொன்ன அலுமாரியையும் திறந்து பார்த்தேன். இதுவரை பிணை ஒப்பந்தத்தை முறித்தவர்கள் இருவர், ஒருவர் கண்டி, மற்றவர் கொழும்பு. இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முகாமையாளர் அந்தக் கோப்பைச் சிறிது நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

பதில் 6: இரண்டாம் குறுக்குத் தெரு வியாபாரி

சம்பளப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்கள், ஆண்டு முடிவில் கணக்கு எழுத எடுக்கும்போது பார்க்கிறேன். தங்கை சொன்ன நிலுவைச் சம்பள விடயம் மட்டும் மனத்தில் நிற்கிறது. அப்படிப் பிடித்து வைக்கிற கடைகள் எங்கள் தெருவில் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி: பிணைத் தொகையும் பிணையாளர்களும் மூவருக்கும் ஒன்றா? அங்கேதான் பல நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக நடக்கும்.

கேள்வி கேட்டவர்

ஒன்றுதான். சாவகச்சேரித் தம்பிக்கு மட்டும் கொழும்பில் சொத்துள்ள இரண்டு பிணையாளர்கள் வேண்டும் என்று முதலில் சொல்லப்பட்டது. மூவருக்கும் ஒரே படிவத்தை அச்சடித்து, ஒரு பிணையாளர், ஒரே தொகை என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை கையொப்பமிட்டுத் தருவதாக முகாமையாளர் சொல்லியிருக்கிறார்.